பாண்டவர் குழி எங்கே என்று கேளுங்கள்

தமிழ்நாட்டில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பார்க்க ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் மல்லச்சந்திரம் போங்கள். இரண்டு இடம் என்றால் சித்தன்னவாசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதற்கு நேரம் இருந்தால் மோட்டூர். இவற்றுக்கெல்லாம் முன்னால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ, உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ ஒரு நடை போய்வந்துவிடுங்கள். அங்கே கறுப்பு சிவப்புப் பானைகளையும் முதுமக்கள் தாழியையும் கால் வைத்த சுடுமண் ஈமப்பேழையையும் துருவேறிய இரும்பு வாளையும் நின்று பாருங்கள். பிறகு வெயிலில் ஒரு கல்வட்டத்தின் ஓரத்தில் நிற்கும்போது, தரைக்கு அடியில் என்ன வைத்து மூடினார்கள் என்பது மனதில் தெளிவாகத் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

போகும் முன் சில பெயர்களைப் பழகிக்கொள்வது நல்லது. நிலத்துக்கு அடியில் பலகைக் கற்களை நிறுத்தி அறை கட்டி, மேலே மூடுபலகை போட்டால் அது கல்பதுக்கை. அதே அறை தரைக்கு மேலே எழுந்து நின்றால் கல்திட்டை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்திருந்தால் கல்வட்டம். நடுவில் சிறு கற்களைக் குவித்து மேடாக்கியிருந்தால் கற்குவை. தனியாக உயர்ந்து நிற்பது நெடுங்கல், ஊர்க்காரர்கள் குத்துக்கல் என்பார்கள். பல இடங்களில் இவை தனித்தனியாக இருப்பதில்லை. பதுக்கையைச் சுற்றி வட்டம், வட்டத்துக்குள் குவை, ஓரத்தில் நெடுங்கல் என்று ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். இறந்தவரை அப்படியே கிடத்திப் புதைத்த இடங்கள் குறைவு. உடலை வேறெங்கோ வைத்து, பிறகு எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துவந்து, பானைகளோடும் இரும்புக் கருவிகளோடும் வைத்த இடங்களே அதிகம். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைப் பற்றிய காதையில் எரிப்பதும் புதைப்பதும் தாழியில் வைப்பதும் பக்கம் பக்கமாகவே பேசப்படுகின்றன. அந்தக் காவியத்தின் காலத்திலும் இந்த வழக்கம் நினைவில் இருந்திருக்கிறது.

இவற்றின் வயது பற்றி நீங்கள் பள்ளியில் படித்தது பழைய கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில் கல்வட்டங்களுக்கு அடியில் எடுத்த ஈமப்பேழை ஒன்றுக்கு கி.மு. 1692 என்ற காலம் கிடைத்தது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பை கி.மு. மூன்றாயிரத்துக்கும் அப்பால் கொண்டுபோகிறது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வட்டமும் அவ்வளவு பழையது என்று எண்ணிவிட வேண்டாம். இந்த வழக்கம் சங்க காலம் வரை நீண்டது.

இனி மல்லச்சந்திரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்ப வேண்டும், சூளகிரிப் பக்கம். சொந்த வண்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிருஷ்ணகிரியில் ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு போங்கள், திரும்பவும் அதே வண்டியில் வரும்படி பேசுங்கள். ஊர் வந்ததும் யாரிடமும் கல்திட்டை என்று கேட்காதீர்கள், பாதிப்பேருக்குப் புரியாது. பாண்டவர் வீடு, பாண்டவர் கோயில், பாண்டவர் குழி என்று கேளுங்கள், ஆடு மேய்க்கும் சிறுவன்கூடக் கையைக் காட்டுவான். வேறு மாவட்டங்களிலும் இதையே செய்யுங்கள். குள்ளர் வீடு, வாலியர் வீடு என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். தீமழை பெய்யப்போகிறது என்று அறிந்த குள்ள மனிதர்கள் அதற்குப் பயந்து கல்லால் வீடு கட்டிக்கொண்டார்கள் என்ற கதையை நான் ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். கதை சொன்னவர் பெரும்பாலும் கூடவே வந்து இடத்தையும் காட்டுவார்.

பாறைச் சரிவில் ஏறி முடித்ததும் திட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் இன்று முழு உருவோடு நிற்பவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமே போதும். நடுவில் பலகைக் கற்களால் ஆன அறை, அதன் மேல் தடித்த மூடுபலகை. அறையைச் சுற்றி மறுபடியும் பலகைக் கற்களை நெருக்கமாக, வட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வட்டத்தில் ஒரு கல்லின் தலை அரைவட்டமாகச் செதுக்கப்பட்டது, அடுத்ததன் தலை தட்டை, மறுபடி அரைவட்டம், மறுபடி தட்டை. இது தற்செயல் இல்லை, அழகு பார்த்துச் செய்தது. இரும்புக்காலத்துத் தச்சரும் கல்லுடைப்பவரும் ஒரு சாவுக்காக இத்தனை நேர்த்தி செய்தார்கள் என்பதை வேறு எந்த இடமும் எனக்கு இவ்வளவு நேராகக் காட்டியதில்லை. மாமல்லபுரம் ரதங்களைப் பார்த்து வியக்கிறோம். அவற்றுக்கும் பல நூற்றாண்டு முன்னால் கல்லைக் கையாளத் தெரிந்தவர்களின் வேலை இது.

அறையின் ஒரு பலகையில் வட்டமான துளை இருக்கும். இடுதுளை என்பது இதைத்தான். பெரும்பாலும் கிழக்கு நோக்கி இருக்கும். கைப்பேசியில் திசைகாட்டி வைத்துப் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்களுக்கு இதுவே நல்ல வேலை. துளையின் விளிம்பு எவ்வளவு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், கையை விடாதீர்கள். கட்டுவிரியனுக்கும் தேளுக்கும் இந்த அறைகள் நல்ல குளிர்ந்த இடம். கிருஷ்ணகிரி வட்டாரத்துத் திட்டைகள் சிலவற்றின் உட்பலகையில் வெள்ளை நிறத்தில் கோட்டோவியங்களும் உண்டு, வெளியில் நின்றபடி டார்ச் அடித்துத் தேடலாம். தண்ணீர் தெளித்தால் ஓவியம் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அப்படித்தான் பல இடங்களில் நிறம் போயிற்று.

கல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி சுற்றிலும் பாருங்கள். இந்தப் பக்கத்துப் பாறை அடுக்கடுக்காக உரியும் தன்மை கொண்டது. பலகைக்கு வேண்டிய கல் காலடியிலேயே கிடைத்திருக்கிறது. பாறை விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன உளிக்குழிகள் தெரிந்தால் அவை பெரும்பாலும் பிற்காலத்துக் கல்லுடைப்பின் தடம். அந்த வரிசை ஒரு திட்டையின் பலகை வரைக்கும் வந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

சித்தன்னவாசலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியம் பார்க்கிறார்கள், ஏழடிப்பட்டக் குகையின் சமணப் படுக்கைகளைப் பார்க்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். வரும் வழியில் சாலை ஓரத்திலேயே பரந்து கிடக்கும் ஈமக்காட்டை வண்டியின் ஜன்னல் வழியாகக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம். புதுக்கோட்டையிலிருந்து பேருந்திலேயே போய் இறங்கலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துப் போக இதைவிட வசதியான இடம் கிடையாது. ஏறவேண்டிய மலை இல்லை, தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது, சமதரையில் நடந்தால் போதும்.

இங்கே கல்வட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளலாம். நேராக நடுவுக்குப் போய் நிற்காதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். காலடியால் குறுக்களவை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் எந்தப் பக்கம் கல் இல்லை, எந்தக் கல் மற்றவற்றைவிடப் பெரிது, எது சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். அதன்பின் நடுவில் தரையோடு தரையாகத் தெரியும் பலகைகளின் விளிம்புகளைப் பாருங்கள். நான்கு பலகைகளும் மூலையில் சரியாக முட்டி நிற்காது. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தாண்டிச் சற்று நீட்டிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகா வடிவில் இருக்கும். வெளியிலிருந்து மண் தள்ளும்போது ஒரு பலகை அடுத்த பலகையில் சாய்ந்து நிற்கும், உள்ளே விழாது. சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை, இந்தச் சூட்சுமத்திலேயே இத்தனை நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. இதைக் கண்டுகொண்டவுடன் நீங்கள் எந்த ஊரில் எந்தப் பதுக்கையைப் பார்த்தாலும் கண் முதலில் மூலைக்குத்தான் போகும்.

பிறகு தலையை நிமிர்த்திச் சுற்றுப்புறம் பாருங்கள். ஈமக்காடு பெரும்பாலும் உழவுக்கு ஆகாத சரளை மேட்டில், பாறைக்கு அருகில் இருக்கும். கொஞ்ச தூரத்தில் ஏரியோ குளமோ, அதற்கு அப்பால் நஞ்சை. நல்ல நிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு வைத்துக்கொண்டு, மேட்டை இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வட்டத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் இந்த ஏற்பாட்டைப் பார்க்காமல் போகிறார்கள். ஈமக்காட்டை முழுசாக, அதன் மலையோடும் தண்ணீரோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அருங்காட்சியகத்தையும் பாருங்கள்.

மோட்டூர் திருவண்ணாமலை மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டாரத்தில், சாத்தனூர் அணைப் பக்கம் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் மோட்டூர் என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. ஆகவே வண்டிக்காரரிடம் அணையையும் தண்டராம்பட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே பார்க்க வேண்டியது மனித உருவில் செதுக்கி நிறுத்திய ஒரு பெரிய பலகைக் கல். மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். முகம் கிடையாது, கண் மூக்கு வாய் எதுவும் கிடையாது. அகன்ற தோள்கள், கீழே ஒடுங்கும் உடல், அவ்வளவுதான். தாய்த் தெய்வம் என்பவர்கள் உண்டு, முன்னோர் என்பவர்கள் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது சாமி. அங்கே மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். இதே வகை உருவம் விழுப்புரம் மாவட்டம் உடையார்நத்தத்திலும் உண்டு, விசிறிப்பாறை என்று ஊரில் சொல்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் மேல் நேரம் இருப்பவர்களுக்கு இன்னும் சில இடங்கள். கொடுமணல் நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து சென்னிமலை வந்து அங்கிருந்து போகலாம். 1980களிலிருந்து பலமுறை அகழ்ந்த இடம். ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்த ஊர். தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்த ஊர். ஆனால் அகழ்ந்த குழிகளை மூடிவிடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். குழியைத் தேடிப் போனால் ஏமாற்றம், நெடுங்கல்லைத் தேடிப் போங்கள். வயல்வெளிக்கு நடுவே ஓங்கி நிற்கும் அந்தக் கல்லும் அதைச் சுற்றிய வட்டங்களும் அந்திவெயிலில் அருமையாக இருக்கும்.

சென்னைக்காரர்கள் சிறுதாவூர் போகலாம், திருப்போரூருக்குப் பக்கம். அரை நாள் போதும். கல்வட்டங்கள் நிறைய, முள்ளும் நிறைய. செங்கல்பட்டு, மதுராந்தகம் சுற்றுவட்டாரம் முழுக்கவே இப்படிப்பட்ட ஈமக்காடுகள் உண்டு. 1950களில் சாணூரிலும் குன்னத்தூரிலும் அமிர்தமங்கலத்திலும் நடந்த அகழாய்வுகள்தாம் இந்தத் துறைக்கே அடித்தளம். பல்லாவரம் மலைக்குப் போகாதீர்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1880களில் அங்கே ஈமப்பேழை கண்டெடுத்தது உண்மை, ஆனால் இன்று சுற்றுலாப் பயணிக்கு அங்கே எதுவும் இல்லை.

கொடைக்கானலைப் பற்றி எச்சரிக்கை. பழனி மலைத்தொடரின் கல்திட்டைகள் அருமையானவை. இயேசு சபைப் பாதிரியார்கள் ஆங்லாடும் நியூட்டனும் அவற்றை ஊர் ஊராக நடந்து அளந்து 1928இல் நூலாகவே வெளியிட்டார்கள். ஆனால் சீசனில், சுற்றுலா வண்டி காட்டும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். நான் போனது மே மாதத்து ஞாயிறு. வண்டியை விட்டு இறங்கியதுமே தன்னை வழிகாட்டி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கூடவே ஒட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. பஞ்சபாண்டவர் ஒரே இரவில் கட்டியது, இந்தத் துளையில் காது வைத்தால் ஓசை கேட்கும், இந்தக் கல்லைத் தொட்டால் கல்யாணம் ஆகும் என்று அடுக்கிக்கொண்டே வந்தார். மூடுபலகையின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி வருகிறவர்களைத் தூண்டியதும் அவர்தான். என் கண் முன்னாலேயே வாட்டசாட்டமான நான்கு பேர் மேலே ஏறிக் குதித்தார்கள். கீழே முட்டுக்கொடுத்து நிற்கும் பலகையில் ஏற்கெனவே விரிசல் இருந்தது. அறைக்குள் உடைந்த மதுப்புட்டிகள், பலகையில் பெயிண்டால் எழுதிய காதலர் பெயர்கள். இறங்கச் சொன்னேன். உனக்கென்ன, இது உன் அப்பன் வீட்டுக் கல்லா என்று கேட்டார்கள். ஆமாம், என் முப்பாட்டன் வீட்டுக் கல்தான், உங்களுடையதும்தான் என்று சொன்னேன். சிரித்தார்கள். வழிகாட்டி கடைசியில் ஐந்நூறு ரூபாய் கேட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே கொடைக்கானல் போனால் செண்பகனூர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். திட்டை பார்க்க வேண்டும் என்றால் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிக்குப் போங்கள். காப்பித் தோட்டங்களுக்குள் இருப்பதால் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் ஆள் ஒருவரோடு போவதே முறை.

எல்லை தாண்ட நினைப்பவர்களுக்கு இரண்டு. குருவாயூர் போகிறவர்கள் பக்கத்திலேயே அரியன்னூரில் இறங்கிக் குடைக்கற்களைப் பாருங்கள். செம்புரைக் கல்லைக் கால்களாக நிறுத்தி மேலே குடை வடிவில் ஒரு மூடியை வைத்திருக்கிறார்கள். கேரளத்துக்கே உரிய உருவம் இது. ஹம்பி போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிக் கங்காவதிக்குப் பக்கத்தில் ஹிரேபெணகல் மலை ஏறுங்கள். சுமார் 400 ஈமச்சின்னங்கள், ஆள் உயரத்துக்கு மேலான திட்டைகள் தெருத்தெருவாக நிற்கின்றன. பாறை உச்சியில் ஒரு கல் முரசும் உண்டு. 1835இலேயே ஆங்கிலேய அதிகாரி மெடோஸ் டெய்லர் குறித்துவைத்த இடம், 2021இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் இல்லாமல் ஏறாதீர்கள், தண்ணீர் நிறைய எடுத்துப்போங்கள்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. சித்தன்னவாசலில் குகைக்குச் சிறு கட்டணம், மற்ற இடங்களில் வண்டிச்செலவுதான். போக நல்ல காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் புல்லும் புதரும் வளர்ந்து வட்டத்தை மறைத்துவிடும். சித்திரையில் பாறை கொதிக்கும். காலை ஒன்பது மணிக்கு முன், அல்லது மாலை நான்குக்குப் பின் போங்கள். சாய்வெயிலில்தான் தரையோடு ஒட்டிய கற்களின் நிழல் நீண்டு வட்டம் முழுசாகத் தெரியும். உச்சிவெயிலில் எடுக்கும் படம் வீண். கணுக்கால் வரை மூடிய உடையும் கெட்டியான ஷூவும் கட்டாயம், சீமைக்கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். ஒரு கம்பு எடுத்துப்போய்த் தரையைத் தட்டியபடி நடங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், திரும்பும்போது இலையையும் பாட்டிலையும் பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். தனியார் பட்டாவுக்குள் இருக்கும் வட்டம் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுக் கால் வையுங்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று காலில் இடறினால் பார்த்துவிட்டு அங்கேயே விடுங்கள். எங்கே கிடந்தது என்பது தெரியும்வரைதான் அதற்கு மதிப்பு, உங்கள் அலமாரியில் அது வெறும் ஓடு.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலகையில் எழுதியிருக்கும். ஆனால் பலகையே இல்லாத ஈமக்காடுகள்தாம் நம் மாவட்டங்களில் அதிகம், கல் குவாரியும் மனைப்பிரிவும் தின்பது அவற்றைத்தான். புதையல் இருக்கிறது என்று நடு இரவில் தோண்டுகிறவர்களும் உண்டு. அதனால் காவல் இல்லாத இடத்தின் இருப்பிடக் குறியை இணையத்தில் எல்லோருக்கும் காட்டாதீர்கள். அதை எழுதி அனுப்ப வேண்டிய இடம் வேறு. ஊர்ப் பெயர், பார்த்த தேதி, நான்கு பக்கமும் எடுத்த படங்கள் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள். வட்டத்தின் ஓரத்தில் ஜேசிபி நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே போடுங்கள், கிராம நிர்வாக அலுவலரையும் அன்றைக்கே நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு ஊர் திரும்புங்கள்.